லா ரொஸ்ஸாவின் இனிப்பு சர்க்கரையின் இனிப்புதானா?

இத்தாலியின் ஊதினே நகரில் வேலை நிமித்தமாகச் சில மாதங்களாகத் தங்கியிருக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். உடன் பணிபுரிபவரின் வீட்டு விருந்தில் அவருக்கு மொரெத்தி நிறுவனத்தின் ‘லா ரொஸ்ஸா’ என்னும் செம்பழுப்பு நிற பீரை, கைப்பிடிக் குவளையில் அல்லாமல் காம்பு வைத்த ஒயின் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்களாம். புட்டியில் ஆல்கஹால் 7.2 விழுக்காடு என்று போட்டிருந்தது. முதல் மடக்கு கருப்பட்டிப் பாகு போல இனித்தது. பாதிக் கிண்ணத்தில் திகட்டிவிட்டது. மற்றவர்களோ மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், சுவையைப் பற்றிப் பேசிக்கொண்டே அரை மணி நேரம் அதைச் சிறிது சிறிதாகக் குடித்தார்கள். ஒயினுக்குப் பேர்போன நாட்டில் இப்படியொரு பீர் எப்படி வந்தது, இதில் சர்க்கரை சேர்க்கிறார்களா, அங்கே எல்லாரும் சொல்லும் ‘இரட்டை மால்ட்’ என்பது என்ன, இதை எப்படித்தான் சுவைப்பது என்பவை அவருடைய கேள்விகள். பார்வைக்கு நான்கு கேள்விகள். ஆனால் அடியில் இருப்பது, மற்றவர்களுக்குத் தெரிகிற ஏதோ ஒன்று தம் நாக்குக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்ற ஐயம்தான் என்று எனக்குப் படுகிறது. உங்கள் நாக்கில் குறையொன்றும் இல்லை. நீங்கள் இனிப்பு என்று குறித்ததில் பெரும்பங்கு நாக்கில் நிகழவே இல்லை, அவ்வளவுதான்.

நான் வேதியியல் படித்துவிட்டு பவேரியாவில் பீர் தயாரிப்பைப் பயின்றவன். பதினான்கு ஆண்டுகள் ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தேன். நாள்தோறும் முற்பகல் பதினோரு மணிக்கு, வயிறு காலியாகவும் வாய் தூய்மையாகவும் இருக்கும் வேளையில், அடர்நிறக் கண்ணாடிக் கிண்ணங்களில் வரிசையாக வைக்கப்பட்ட மாதிரிகளை முகர்ந்தும் சுவைத்தும் குறிப்பெழுதுவது என் வேலையின் ஒரு பகுதி. மொரெத்தி ஆலையில் நான் வேலை செய்ததில்லை. அதன் செய்முறை வெளியாருக்குத் தருவதும் இல்லை. ஆகவே கீழே எழுதுவதில் புட்டி ஒட்டுத்தாளும் சட்டமும் வேதியியலும் சொல்பவற்றை உறுதியாகவும், அவற்றிலிருந்து நான் ஊகிப்பவற்றை ஊகமென்றும் எழுதுகிறேன்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். ‘தொப்பியோ மால்தோ’, அதாவது இரட்டை மால்ட் என்பது சுவையைக் குறிக்கும் சொல்லே அல்ல. அது இத்தாலியச் சட்டம் வகுத்த பெயர். 1962-ஆம் ஆண்டின் 1354-ஆம் எண் சட்டம் பீர்களை, நொதிக்கும் முன் மால்ட் சாற்றில் கரைந்திருக்கும் பொருளின் அளவைக் கொண்டு வகைப்படுத்தியது. அந்த அளவைப் பிளேட்டோ பாகை என்பார்கள். (கிரேக்கத் தத்துவஞானி அல்லர், பிரிட்ஸ் பிளேட்டோ என்ற ஜெர்மானிய அறிவியலாளர்.) நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் கரைபொருள் இருக்கிறதோ அதுவே பாகை. 10.5-க்கு மேல் இருந்தால் ‘பீர்’, 12.5-ஐ எட்டினால் ‘சிறப்பு பீர்’, 14.5-ஐ எட்டினால் ‘இரட்டை மால்ட் பீர்’. அந்தப் பெயருக்கு இதைத் தாண்டி வேறு பொருள் இல்லை. மால்ட்டை இரண்டு முறை போடுவதோ இரண்டு வகை மால்ட் கலப்பதோ அதில் இல்லை; வைக்கோல் நிறத்தில், வறண்ட சுவையோடு வரும் பெல்ஜிய டிரிப்பெல் பீரும் இத்தாலியில் சட்டப்படி இரட்டை மால்ட்தான். பீருக்கான கலால் வரியும் அங்கே இந்தப் பாகைக் கணக்கில்தான் விதிக்கப்படுகிறது. ஒயினுக்கோ கலால் வரி பூஜ்யம். ‘ரொஸ்ஸா’ என்பதும் அப்படியே ஒரு நிறத்தின் பெயர், வகையின் பெயரன்று. இத்தாலியில் மதுக்கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் ‘பொன்னிறத்தில் ஒன்று’, ‘சிவப்பில் ஒன்று’ என்று நிறத்தைச் சொல்லியே கேட்பார். அதனால்தான் அங்குள்ள பலருடைய மனத்தில் சிவப்பு, கனம், இனிப்பு, இரட்டை மால்ட் ஆகிய நான்கும் ஒரே பொருளாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஒட்டலைப் பிரித்தாலே உங்கள் குழப்பத்தில் கால்வாசி தீர்ந்துவிடும்.

ஒயின் நாட்டில் இந்த பீர் எப்படி என்ற கேள்விக்கு நீங்கள் இருக்கும் ஊரே பதில். லூயிஜி மொரெத்தி ஊதினேயில் தம் ‘பீர் மற்றும் பனிக்கட்டித் தொழிற்சாலை’யைத் தொடங்கியது 1859-இல். அப்போது ஊதினே இத்தாலியில் இல்லை. ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அது இத்தாலிய முடியரசோடு சேர்ந்தது 1866-இல். வடக்கே போனால் லாகுந்தோவில் உள்ள போர்ஸ்ட் ஆலை 1857-இல் தொடங்கியது; அந்தத் தென் தீரோல் பகுதியும் முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாதான். பிரெஷியாவில் 1829-இல் ஆலை தொடங்கிய வூரரின் பெயரைக் கேட்டாலே அவர் எந்த மொழி பேசிய குடும்பத்தவர் என்பது விளங்கும். இத்தாலியின் பழைய பீர் ஆலைகளில் பல ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வரிசைகட்டி நிற்பது தற்செயல் அன்று: மலைக்கு அப்பால் மூனிக்கும் வியன்னாவும் இருந்தன, குளிரும் பனிக்கட்டியும் கிடைத்தன, குடிப்பதற்கு ஆஸ்திரியப் படைவீரர்களும் அலுவலர்களும் இருந்தார்கள். ஆகவே லா ரொஸ்ஸா ஒயின் நாட்டுக்காரர்கள் திடீரென்று கண்டுபிடித்த விந்தை அன்று. அது மலையைத் தாண்டி இறங்கி, எல்லைக்கோடு நகர்ந்தபோது இந்தப் பக்கம் தங்கிவிட்ட ஒரு குடும்பத்தின் வாரிசு. இன்று அந்த நிறுவனம் டச்சு நிறுவனமான ஹைனகெனின் உடைமை, 1996-இல் கைமாறியது.

அந்தக் குடும்பத்தின் பெயர் டொப்பல்பொக். லா ரொஸ்ஸாவை அந்த வகையில் வைப்பதே பொதுவழக்கம். சுவையும் அதற்கு உடன்படுகிறது. வட ஜெர்மனியின் ஐன்பெக் ஊர் பீரின் பெயரை பவேரிய நாக்குகள் திரித்ததில் ‘பொக்’ வந்தது. அந்தச் சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் ஆட்டுக்கிடா என்றும் பொருள் இருப்பதால் இன்றும் பல புட்டிகளில் கிடா நிற்கிறது. அதன் கனத்த வடிவமான டொப்பல்பொக்கை மூனிக்கில் பவுலானர் துறவிகள் உருவாக்கினார்கள் என்பது மரபு. அவர்களுடைய ‘சால்வாட்டோர்’ புகழ்பெற்ற பிறகு மற்ற ஆலைகளும் தங்கள் பீர்களுக்கு அதே ஒலியில் முடியும் பெயர்களை வைத்துக்கொண்டன. அந்தத் துறவிகளின் சபையை நிறுவிய புனித பிரான்சிஸ்கோ பிறந்த பாவோலா, இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவில் உள்ள ஊர். அவ்வூர்ப் பெயரே சபைக்கும் ஆலைக்கும் ஒட்டியது. ஆக, இந்த வகை பீரின் ஊர்ப்பெயரில் இத்தாலி முதலிலிருந்தே இருந்திருக்கிறது. இறைச்சியும் முட்டையும் பாலும் ஆண்டு முழுவதும் விலக்கிய சபை அது. அவர்கள் சத்துள்ள பீரை உணவுக்கு ஈடாகக் கொண்டார்கள் என்பது நம்பக்கூடியதே. ஆனால் அவர்கள் அதை ஒப்புதலுக்காக ரோமுக்கு அனுப்பியதாகவும், வழியில் புளித்துப்போனதைச் சுவைத்த போப்பாண்டவர் ‘இதைக் குடிப்பதே தவம்’ என்று இசைவளித்ததாகவும் சொல்லும் கதையை ஒரு வேடிக்கைக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய செய்தி வேறு: பழைய டொப்பல்பொக்குகள் இன்றையதைவிடக் குறைவாக நொதித்தவை, இனிப்பு அதிகம், ஆல்கஹால் குறைவு. இன்றைய புட்டியில் இருப்பது அதைவிட நன்றாக நொதித்து வற்றிய வடிவம்.

இனி இனிப்புக்கு வருகிறேன். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி என்று சொன்னேன். முளைகட்டிய கேழ்வரகை வறுத்து அரைத்துக் கஞ்சி காய்ச்சும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் மணத்தை விளக்க வேண்டியதில்லை. முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் பிறக்கின்றன; பிறகு அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாகவும், சற்று நீண்ட டெக்ஸ்ட்ரின் சங்கிலிகளாகவும் உடைக்கின்றன. ஈஸ்ட் சிறு சர்க்கரைகளைத் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். டெக்ஸ்ட்ரினை அதனால் தின்ன முடியாது. 7.2 விழுக்காடு ஆல்கஹால் வர வேண்டுமென்றால், வழக்கமான நொதிப்பின் கணக்குப்படி, சாறு 16 அல்லது 17 பாகையில் தொடங்கியிருக்க வேண்டும். அதன் கரைபொருளில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி நொதித்திருக்க வேண்டும். எஞ்சியதில் பெரும்பகுதி டெக்ஸ்ட்ரின். அதை நாக்கில் வைத்துப் பார்த்தால் இனிப்பு மிகக் குறைவு, மாவுத்தன்மைதான் தெரியும். பீருக்கு வாயில் கிடைக்கும் கனம் டெக்ஸ்ட்ரினால் வருகிறது என்று நாங்கள் படித்த பாடநூல்கள் ஐயமின்றிச் சொல்லின. பின்னாளில் செய்த சுவைச் சோதனைகள் அதை அவ்வளவு உறுதியாக ஆதரிக்கவில்லை. புரதங்களுக்கும் ஆல்கஹாலுக்கும் அதில் பங்குண்டு. எதற்கு எவ்வளவு என்பதில் துறைக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

சர்க்கரை சேர்க்கிறார்களா என்பது பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் செய்தி. நொதிக்கும் முன் சேர்க்கும் சர்க்கரை பீரை இனிப்பாக்காது. ஈஸ்ட் அதை முழுவதும் தின்றுவிடுவதால் ஆல்கஹால் கூடி, உடல் மெலிந்து, பீர் வறண்டுபோகும். பெல்ஜியத்தில் கனமான பீர்கள் குடிக்க இலகுவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சேர்க்கிறார்கள். ஆகவே நீங்கள் உணர்ந்த இனிப்பைக் கொண்டு, சர்க்கரை சேர்த்திருப்பார்கள் என்று முடிவுகட்ட வழியில்லை. புட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 1.2 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீருக்கு முழு உட்பொருள் பட்டியலைக் கட்டாயமாக்கவில்லை. பார்லி போன்ற ஒவ்வாமைப் பொருளை மட்டும் குறிப்பிட்டாக வேண்டும். எனினும் பெரிய ஆலைகள் தாமாகவே பட்டியலை அச்சிடுவது வழக்கமாகியிருக்கிறது. அதில் சோளமோ சர்க்கரைப் பாகோ இருந்தால் தெரிந்துவிடும்.

அப்படியானால் கருப்பட்டிப் பாகு எங்கிருந்து வந்தது? மால்ட்டை உலர்த்தும் சூளையிலிருந்து. வெளிர் பீருக்கான மால்ட்டைக் கடைசியில் 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நிறுத்திவிடுவார்கள். மூனிக் மால்ட் எனப்படும் வகையை நூறு டிகிரியையும் தாண்டவிடுவார்கள். அந்தச் சூட்டில் தானியத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையாரின் பெயரால் இது மையார் வினை. தோசையின் முறுகிய ஓரமும், வறுத்த காப்பிக்கொட்டையும், ரொட்டியின் சிவந்த மேலோடும் இதே வினையின் பிள்ளைகள். வெறும் சர்க்கரையை வாணலியில் இட்டுப் பாகாக்கிக் கருக்குவது வேறு வினை. அதில் அமினோ அமிலத்துக்கு வேலையில்லை. இந்த வேறுபாடு நுணுக்கம் பேசுவதற்காக அன்று. லா ரொஸ்ஸாவில் முன்னால் நிற்பது கருகிய சர்க்கரையா, ரொட்டி மேலோடா என்று தனித்தனியாகத் தேடினால், முதல் மடக்கில் ‘இனிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டது இரண்டாகப் பிரிந்து தெரியும். இரண்டும் இருக்கும், நான் குடித்த புட்டிகளில் பாகு மணம் முன்னே வந்து, ரொட்டி பின்னே நின்றது. ஜெர்மனியின் நல்ல டொப்பல்பொக்குகளில் இந்த வரிசை பெரும்பாலும் மாறியிருக்கும். அங்கே மாவுக்கூழில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து மீண்டும் ஊற்றும் பழைய முறையே அந்த ரொட்டிச் சுவைக்குக் காரணம் என்று பலர் சத்தியம் செய்வார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். இன்றைய மால்ட்டில் அந்தக் கொதிப்பு தரும் கூடுதல் சுவை, சரியான மால்ட்டைத் தேர்ந்தெடுப்பது தரும் சுவையைவிடச் சிறியது என்பது என் அனுபவம். ஆனால் என்னோடு பயின்றவர்களிலேயே இதை ஒப்பாதவர்கள் உண்டு.

பாகின் மணமுள்ள பொருளை மூக்கு உணரும்போது மூளை அதை நாக்கின் கணக்கில் இனிப்பாக எழுதிக்கொள்கிறது. வாழ்நாள் முழுவதும் அந்த மணமும் இனிப்பும் சேர்ந்தே வந்திருப்பதால் பிறந்த பழக்கம் இது. நான் பயிற்சியில் சேர்ந்த புதிதில் ஒரு அடர்நிற பீருக்கு ‘மிகையான இனிப்பு’ என்று எழுதி, ஆய்வகக் கணக்கில் அதன் எஞ்சிய சர்க்கரை பக்கத்துக் கிண்ணத்து வெளிர் பீரின் அளவே என்று தெரிந்து வெட்கப்பட்டிருக்கிறேன். கண்ணும் இதில் கூட்டுச் சேரும். 2001-இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில் வெள்ளை ஒயினுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் ஊட்டிக் கொடுத்தபோது, ஒயின் கலையைப் பயின்ற 54 பேர் அதைப் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். எங்கள் கிண்ணங்கள் அடர்நிறமாக இருந்ததன் காரணம் அதுதான். வீட்டில் உங்களுக்கு எளிய சோதனை ஒன்று போதும். மூக்கை விரலால் நன்றாகப் பொத்திக்கொண்டு ஒரு மடக்கை வாயில் வாங்கி, விழுங்காமல் ஐந்து எண்ணுங்கள். மிதமான இனிப்பு, மெல்லிய கசப்பு, வாயைக் குத்தும் கரியமிலம், ஒரு சூடு, இவ்வளவுதான் தெரியும். இப்போது விரலை எடுங்கள். அந்தக் கணத்தில் பாகும் உலர்திராட்சையும் ரொட்டியும் ஒருசேர வந்து விழும். மூக்கைத் திறந்த பிறகு வந்தவையெல்லாம் நாக்கின் சுவைகள் அல்ல. அந்த மிதமான இனிப்பிலும் ஆல்கஹாலுக்குப் பங்குண்டு. அதுவே சற்று இனிக்கும் பொருள். கசப்பு தாழ்ந்திருப்பதும் ஒரு காரணம். இந்த வகையின் கசப்பு அலகு 16 முதல் 26 வரைதான். இவ்வளவு மால்ட்டுக்கு அது போதாத எதிர்ப்பு, வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள்.

சுவைக்கும் முறை என்று பெரிய சடங்கு ஏதுமில்லை; குளிரைக் குறைப்பது ஒன்றே பாதி வேலை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நான்கு டிகிரியில் மணம் எழாது. கரியமிலத்தின் குத்தல் மட்டும் மிகும். புட்டியை எடுத்து இருபது நிமிடம் மேசையில் வைத்துப் பத்து டிகிரியை ஒட்டி வரவிடுங்கள். ஒயின் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தது உங்கள் நண்பர்களின் ஆடம்பரம் அன்று. வயிறு பருத்து வாய் குறுகிய கிண்ணம் மணத்தைத் தேக்கும். அதுவும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. முதலில் சாய்த்தும் பிறகு நேராகவும் ஊற்றி இரண்டு விரல் நுரை எழவிட்டு, நுரை அடங்கும் முன்பே முகருங்கள், ஏனென்றால் எளிதில் ஆவியாகும் மணங்கள் முதல் நிமிடத்திலேயே போய்விடும். நீளமாக மூச்சிழுக்க வேண்டாம். மூன்று குறுகிய இழுப்புகள், பிறகு மூக்குக்கு ஓய்வு. கிண்ணத்தை விளக்குக்கு எதிரே பிடித்தால் லா ரொஸ்ஸா கறுப்பாக இராது. செம்பு கலந்த பழுப்பாக, தெளிந்து இருக்கும். முதல் மடக்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது வாயைக் கழுவ மட்டுமே. இரண்டாவதிலிருந்து கவனியுங்கள். முன்னே பாகு, நடுவே முறுகிய ரொட்டியும் வறுத்த நிலக்கடலைத் தோலும், கிண்ணம் சூடேறும்போது உலர்ந்த அத்தி அல்லது திராட்சை, கடைசியில் நெஞ்சுக்குள் இறங்கும் வெதுவெதுப்பு. என் சொற்களை மனப்பாடமாகத் தேட வேண்டாம்; உங்களுக்குப் பனங்கற்கண்டு நினைவுக்கு வந்தால் அதையே எழுதுங்கள். எங்கள் குழுவில் மிகத் துல்லியமானவராக இருந்த பெண்மணி எல்லா மால்ட் மணங்களையும் தம் பாட்டி வீட்டு அறைகளின் பெயரால் குறிப்பார். நாளுக்கு நாள் அவர் குறிப்பு மாறியதில்லை, அதுதான் முக்கியம்.

ஒயினைச் சுவைப்பவர்கள் துப்புகிறார்களே, பீரை ஏன் விழுங்கச் சொல்கிறார்கள் என்பதற்குக் கசப்பு அடிநாக்கில்தான் தெரியும் என்ற விளக்கத்தைப் பல கையேடுகளில் பார்க்கலாம். அது தவறு. நாக்கை இனிப்புக்கு ஒரு மூலை, கசப்புக்கு ஒரு மூலை என்று பிரித்த படம், 1901-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்வந்தவர்கள் தவறாகப் படித்ததன் விளைவு. எல்லாச் சுவைகளும் நாக்கில் பரவலாகத் தெரிகின்றன. விழுங்குவதன் உண்மையான பயன், விழுங்கியவுடன் வெளிவிடும் மூச்சு தொண்டை வழியாக மூக்குக்கு மணத்தை ஏற்றுவது. விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இந்த பீரின் மிக நல்ல பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் தீர்ப்பு.

நீங்கள் திகட்டியது என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம்: புட்டி பழையதாக இருந்திருக்கக்கூடும். அந்தப் புட்டியைப் பார்க்காமல் இதை நான் அறுதியிட முடியாது. அறிகுறிகளை மட்டும் சொல்கிறேன். காலப்போக்கில் உயிர்வளி பட்ட பீரில், அதற்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு மங்கி, பாகு மணம் தடித்து, சில வேளை நனைந்த அட்டைக் காகிதத்தின் வாடை வரும். கனத்த அடர்நிற பீர்கள் இதை ஓரளவு தாங்கும். ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் போன்ற மணமாக மாறி நன்றாகவும் இருக்கும். 7.2 விழுக்காட்டில் அந்தத் தாங்குதிறனுக்கு எல்லை உண்டு. தேதியைப் பார்த்து, கடைவிளக்கின் நேர் வெளிச்சத்தில் நில்லாத புட்டியை வாங்குங்கள். வெண்ணெய் மணம் வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் பிரித்துவிட்டார்கள் என்று பொருள். வேகவைத்த மக்காச்சோள வாடை மால்ட் சாற்றைப் போதுமான அளவு கொதிக்கவிடாததைக் காட்டும். மெலிதாக இருந்தால் இந்த வகையில் பொறுத்துக்கொள்வார்கள், நான் பொறுப்பதில்லை.

ஆல்கஹால் கணக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த பீர் தன் பலத்தை மறைப்பதில் தேர்ந்தது. 330 மில்லி லிட்டர் புட்டியில் 7.2 விழுக்காடு என்றால் சுமார் 24 மில்லி, எடையில் 19 கிராம் ஆல்கஹால். இத்தாலியில் ஓர் அலகு என்று கொள்வது 12 கிராம். மேசையில் ஊற்றும் 125 மில்லி ஒயினிலும், அதே மொரெத்தியின் 4.6 விழுக்காட்டு வெளிர் பீர் ஒரு சிறு புட்டியிலும் அவ்வளவுதான் இருக்கும். லா ரொஸ்ஸா ஒரு புட்டியே ஒன்றரை அலகைத் தாண்டிவிடுகிறது. உங்கள் நண்பர்கள் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டதில் நாகரிகத்தோடு இந்தக் கணக்கும் இருந்திருக்கும். அங்கே வண்டி ஓட்டுபவருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரம்பு. உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கு வரம்பே பூஜ்யம்.

கடைசியாக, விருந்தில் உணவு வருமுன் இதைத் தனியே குடித்திருந்தீர்கள் என்றால், அதுதான் திகட்டலுக்குப் பெருங்காரணம் என்று நினைக்கிறேன். ஒயின் நாட்டின் பழக்கம் இந்த பீரில் எங்கேயாவது பதிந்திருக்கிறதென்றால், ஆலையில் அன்று, உணவு மேசையில்தான். நீங்கள் இருக்கும் பிரியூலி வட்டாரமே அதற்கு வாய்ப்பான இடம். மொந்தாசியோ பாலாடைக்கட்டியை உருளைக்கிழங்கோடு சேர்த்து முறுகச் சுடும் பிரிக்கோவை ஒரு துண்டு தின்றுவிட்டு ஒரு மடக்கு குடியுங்கள்; பாலாடைக்கட்டியின் உப்பு, பீரின் பாகு மணத்தைப் பின்னுக்குத் தள்ளி ரொட்டிச் சுவையை முன்னே கொண்டுவரும். திராட்சைச் சக்கையில் புளிக்கவைத்த டர்னிப் கிழங்கும் பன்றித் தொத்திறைச்சியும் சேர்ந்த ‘புரோவாதா, முசெத்’ கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தப் புளிப்பு, கசப்பு செய்யாத வேலையைச் செய்து திகட்டலை வெட்டும். சான் தனியேலே பன்றித்தொடையோடு மட்டும் நான் சேர்க்கமாட்டேன். அதன் மென்மையை இந்த பீர் அமுக்கிவிடும், அதற்கு உள்ளூர் வெள்ளை ஒயினே சரி. வீட்டில் மிளகாய்க் காரத்தோடு சமைப்பவராக இருந்தால், ஆல்கஹாலும் கரியமிலமும் காரத்தின் எரிச்சலைக் கூட்டும் என்பதை நினைவில் வையுங்கள். மிளகுக் காரமுள்ள வறுவல் இதற்கு ஒத்துவரும், சிவந்த குழம்பு ஒத்துவராது. அடுத்த முறை லா ரொஸ்ஸாவுடன் போர்ஸ்ட் ஆலையின் ‘சிக்ஸ்டஸ்’ ஒரு புட்டியும் வாங்கி, மூவராகப் பகிர்ந்து, இரண்டையும் ஒரே வெப்பநிலையில் அடுத்தடுத்த கிண்ணங்களில் வையுங்கள். அதுவும் அடர்நிற டொப்பல்பொக்தான், 6.5 விழுக்காடு. ஒன்றைத் தனியே சுவைக்கையில் ‘இனிப்பு’ என்ற சொல்லுக்கு மேல் போகாத நாக்கு, இரண்டைப் பக்கத்தில் வைத்தவுடன் வேறுபாட்டைச் சொல்லத் தொடங்கிவிடும். எங்கள் ஆய்வகத்திலும் புதியவர்களுக்கு முதல் நாள் ஒற்றைக் கிண்ணம் கொடுத்ததே இல்லை.